மானிடக் குரல் கொண்ட தெய்வம்

ஹோமர் தம் ஒடிசிக் காப்பியத்தின் பத்தாம் காண்டத்தில் கிர்க்கே என்னும் பெண் தெய்வத்தை முதன்முதலாக அறிமுகம் செய்கையில், அவள் அஞ்சத்தக்க தெய்வம் என்றும் மானிடர் பேச்சை உடையவள் என்றும் பொருள்படும் ஓர் அடைமொழித் தொடரைச் சூட்டுகிறார். இத்தொடருக்கு உண்மைப் பொருள் யாது என்று கிரேக்கக் கல்வியாளர் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். தெய்வங்களுக்கென்று தனி மொழி ஒன்று உண்டு என்னும் எண்ணம் ஹோமரிடம் இருக்கிறது. இலியத்தில் ஓர் ஆற்றுக்கு மனிதர் ஒரு பெயரும் தெய்வங்கள் வேறொரு பெயரும் வழங்குவதாகச் சொல்வார். ஒடிசியில் கிர்க்கேயின் மாயத்தை முறிக்கும் மூலிகைக்குத் தெய்வங்கள் இட்ட பெயர் மட்டுமே கூறப்படுகிறது. 'மோலி' என்பது அது. அப்படியாயின், தெய்வமாக இருந்தும் மனிதர் செவிக்கு எட்டும் குரலில் பேசுகிறவள் என்பது அவளுக்குச் சிறப்பா, குறையா? கலிப்ஸோவுக்கும் இதே தொடரைப் பன்னிரண்டாம் காண்டத்தில் ஹோமர் சூட்டுவதால், இது கிர்க்கேக்கு மட்டும் உரிய அடையாளம் ஆகாது என்பாரும் உளர். வாதம் சரியானதே. ஆனாலும் ஒரு சொல்லுக்குள் ஒரு பிறவியின் வரலாற்றையே காண்பதற்கு நாவலாசிரியருக்கு உரிமை உண்டு. அவ்வுரிமையை எடுத்துக்கொண்டு எழுதப்பட்டது மேடலின் மில்லரின் 'கிர்க்கே'. ஆங்கில ஒலிப்பின்படி 'சர்சி' என்று சொல்ல வேண்டும். மூலமொழியின் ஒலிப்பையே இங்குக் கையாளுகிறேன்.

மில்லர் அமெரிக்கர். பிரவுன் பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் இலத்தீனும் பயின்று, அம்மொழிகளைப் பள்ளி மாணவர்க்குக் கற்பித்தவர். அவருடைய முதல் நாவல் 'அக்கிலீஸின் பாடல்' 2011-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டில் பிரிட்டனின் ஆரஞ்சு பரிசைப் பெற்றது. 'கிர்க்கே' 2018-இல் வெளிவந்தது. முதல் நாவல் வீரர்களின் கதை. தெய்வங்கள் அதில் ஓரத்தில் நின்றன. இரண்டாவதில் தெய்வ உலகமே களம். கதை சொல்பவளும் ஒரு தெய்வம். அவள் தன்மையிலேயே பேசுகிறாள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீளும் தன்வரலாறு அது.

கிரேக்கப் புராணத்தில் கிர்க்கேயின் பங்கு சிறியது. கதிரவனாகிய ஹீலியோஸின் மகள். தாய் பெர்சே நீர்த்தேவதை. அயாயா என்னும் தீவில் தனியே வாழ்கிறாள். ஒடிசியஸின் ஆட்கள் இருபத்திருவரை விருந்துக்கு அழைத்து, பாலாடைக் கட்டியும் வாற்கோதுமை மாவும் தேனும் மதுவும் கலந்த உணவில் மருந்திட்டுப் பன்றிகளாக்குகிறாள். உள்ளே புகாமல் வெளியில் நின்ற யூரிலோக்கஸ் ஓடிவந்து செய்தி சொல்கிறான். ஒடிசியஸ் ஹெர்மிஸ் தந்த மூலிகையோடு சென்று வாளை உருவ, அவள் அவன் முழங்காலைப் பற்றிக்கொண்டு கெஞ்சுகிறாள். பின் பள்ளிக்கு அழைக்கிறாள். அவ்வளவுதான். அவள் ஏன் மனிதரைப் பன்றியாக்குகிறாள் என்பதற்கு ஹோமர் காரணம் கூறவில்லை. காப்பியத்துக்கு அக்காரணம் தேவைப்படவும் இல்லை. பெண்ணும் மாயமும் தனித்தீவும் ஒன்றுகூடினால் ஆபத்து என்பது கேட்போர் முன்பே அறிந்த செய்தி. ரோமானியக் கவிஞர் ஓவிட் தம் 'உருமாற்றங்கள்' நூலில் பொறாமை என்னும் காரணத்தைத் தருகிறார்: கிளாக்கஸ் என்னும் கடல்தெய்வம் தன்னை விரும்பாமல் ஸ்கில்லாவை விரும்பியதால் அவளை அரக்கியாக்கினாள் என்கிறார். மில்லர் இவ்விரண்டையும் எடுத்துக்கொண்டு, இவற்றுக்கு அடியில் மற்றொரு காரணத்தைத் தேடிச் செல்கிறார்.

நாவலின் முற்பகுதி ஹீலியோஸின் மாளிகையில் நிகழ்கிறது. இங்கே நாம் காணும் தெய்வங்களுக்குப் பசியில்லை, நோயில்லை, மூப்பில்லை. ஆதலால் செய்வதற்கு ஒன்றுமில்லை. விருந்து, வம்பு, தற்பெருமை, பிறரைத் தாழ்த்தும் இன்பம் ஆகியவையே அவர்களுடைய பொழுது. மஞ்சள் விழிகளும் மெல்லிய கீச்சுக்குரலுமாகப் பிறந்த கிர்க்கேயைப் பெற்றவள் முதலாக எல்லோரும் எள்ளுகின்றனர். கிரேக்கத்தில் பருந்தைக் குறிக்கும் சொல்லோடு ஒட்டியது அவள் பெயர். அந்தக் குரல் மனிதக் குரல் என்பதை அவள் அறிவதே மிகவும் பிந்தித்தான். ஹெர்மிஸ் சொல்லித் தெரிந்துகொள்கிறாள். நளவெண்பா படித்த நமக்கு இவ்விடத்தில் ஒரு நினைவு வராமற் போகாது. சுயம்வர மண்டபத்தில் நளன் உருவில் அமர்ந்த தேவர்களை இமையாத கண்ணாலும் நிலம்தோயாத காலாலும் வாடாத மாலையாலும் தமயந்தி இனம் காண்கிறாள். வாடுவதும் இமைப்பதும் மண்ணைத் தொடுவதுமே மனிதனைக் காட்டிக்கொடுக்கும் குறிகள். அவள் மாலை சூட்டுவது அவற்றை உடையவனுக்கு. மில்லரின் நாவல் முழுவதும் இந்தக் குறிகளையே சுற்றி வருகிறது. தெய்வத்தின் குருதி பொன்னிறம். தெய்வத்தின் தோலில் தழும்பு நில்லாது. கிர்க்கே பிறருடைய தழும்புகளை உற்று உற்று நோக்குகிறாள்.

இம்முற்பகுதியில் ஒரு நிகழ்ச்சியே நாவலுக்கு வித்து. மனிதர்க்கு நெருப்பைத் தந்த ப்ரொமீதியஸை ஹீலியோஸின் மாளிகையில் வைத்துச் சாட்டையால் அடிக்கின்றனர். கூடிநின்ற தெய்வங்கள் வேடிக்கை பார்த்துவிட்டு விருந்துக்குப் போய்விடுகின்றன. சிறுமியாகிய கிர்க்கே மட்டும் திரும்பிவந்து அவனுக்கு அமுதம் கொடுக்கிறாள். மனிதர் எப்படிப்பட்டவர் என்று கேட்கிறாள். அவன் போனபின் தன் கையைத் தானே கீறிப் பார்க்கிறாள். வேறு எந்தத் தெய்வமும் தன்னைத் தானே கீறிப் பார்க்க நினையாது. நினைக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. ஆசிரியை இங்கே விளக்கவுரை எதுவும் சேர்க்காமல் விட்டிருப்பது பாராட்டுக்குரியது. இத்தகைய அடக்கம் நூல் முழுதும் இருந்திருக்கலாம் என்று பின்னர் நமக்குத் தோன்றுகிறது.

கிளாக்கஸ் கதையை மில்லர் மாற்றியிருக்கும் விதம் நுட்பமானது. ஓவிடிடம் கிளாக்கஸ் தெய்வமான பிறகே கிர்க்கேயிடம் வருகிறான். இங்கே அவன் ஏழை மீனவன்; வலை இழுத்துக் காய்த்த கைகளை உடையவன். அவனை இழக்க மனமின்றிக் கிர்க்கேதான், தெய்வங்களின் குருதி சிந்திய மண்ணில் முளைத்த பூக்களைக் கொண்டு அவனைத் தெய்வமாக்குகிறாள். தெய்வமானதும் அவனுக்குத் தெய்வங்களின் குணமும் வந்துவிடுகிறது. தன்னை ஆக்கியவளை மறந்து அழகி ஸ்கில்லாவைக் கேட்கிறான். கிர்க்கே அதே பூக்களின் சாற்றை ஸ்கில்லா நீராடும் சுனையில் ஊற்றுகிறாள். ஸ்கில்லா ஆறு தலை அரக்கியாகிக் கடலோடிகளைப் பிடித்துத் தின்னத் தொடங்குகிறாள். ஓவிடிடம் இச்செயல் ஒரு கதையின் முடிவு. மில்லரிடம் இது ஒரு குற்றத்தின் தொடக்கம். ஸ்கில்லாவின் வாயில் மடிந்த ஒவ்வொரு மாலுமியின் கணக்கும் கிர்க்கேயின் நெஞ்சில் ஏறுகிறது. மற்றத் தெய்வங்கள் இதனை நகைப்புக்குரிய செய்தியாகப் பேசி மறந்துவிடுகின்றன. வருந்தத் தெரிந்ததே அவளை அக்கூட்டத்திலிருந்து பிரித்து நிறுத்துகிறது. அவள் தானே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டபோது தந்தை நம்பவில்லை. இத்தகைய ஆற்றல் அவளுக்கு ஏது என்கிறான். நம்பிய பின்னரோ, ஜீயஸோடு பேசி முடித்து அயாயாவுக்கு நாடு கடத்துகிறான். அவள் செய்த தீமைக்காகத் தண்டனை கிடைக்கவில்லை; அவளுடைய ஆற்றலைக் கண்டு பிறந்த அச்சமே தண்டனையாயிற்று.

அந்த ஆற்றலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நூலின் சிறந்த பகுதி அதுவே. கிரேக்கச் சொல்லாகிய 'பார்மகான்' மருந்தையும் நஞ்சையும் ஒருங்கே குறிப்பது. அதனைக் கையாளுபவள் 'பார்மகிஸ்'. தான் பிறந்தபோது தன் இயல்புக்குப் பெயரே இருக்கவில்லை என்று தொடங்கும் கதை இச்சொல்லை வந்தடையப் பல அத்தியாயங்கள் ஆகின்றன. தெய்வம் எதையும் உழைத்துச் செய்வதில்லை. நினைத்தால் ஒளி வரும். புருவத்தை அசைத்தால் புயல் வரும். மந்திர மருந்தோ அப்படியன்று. விடியலுக்கு முன் எழுந்து வேரைத் தோண்ட வேண்டும். எந்த நிலவில் எந்தப் பூவைக் கொய்வது, எதைக் காயவைப்பது, எதை ஊறவிடுவது, எதை இடிப்பது என்று கற்க வேண்டும். தவறினால் எறிந்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். தீவில் தனியே விடப்பட்ட கிர்க்கே இவ்வாறு ஆண்டுக்கணக்கில் தோற்றுத் தோற்றுக் கற்கிறாள். நகக்கண்ணில் மண் ஏறுகிறது. தெய்வங்கள் மாயவித்தையை வெறுப்பது அது தீயது என்பதால் மட்டும் அன்று. அது கூலிக்காரன் வேலை போல இருப்பதாலும்தான் என்பது ஆசிரியையின் கருத்து. வலிமை என்பது பிறப்பால் வருவது என்னும் உலகத்தில், கற்று அடையும் ஆற்றல் ஒன்று இருக்கிறது என்பதே பெரிய கலகம் அல்லவா?

இந்த உழைப்பின் உறவினனாகத்தான் டெடலஸ் வருகிறான். கிர்க்கேயின் தங்கை பாசிஃபே கிரீட் தீவின் அரசி. காளைத்தலை கொண்ட மினோட்டாரை ஈன்றெடுக்கும் நேரத்தில் அக்காளை வரவழைக்கிறாள். அங்கே அரண்மனைச் சிற்பியாகவும் அரண்மனைக் கைதியாகவும் இருக்கும் டெடலஸைக் கிர்க்கே சந்திக்கிறாள். கைநிறையத் தழும்புகள் உடைய மனிதன். அவன் அவளுக்கு ஒரு தறி செய்து தருகிறான். நாவலில் தெய்வங்கள் தரும் கொடைகள் எல்லாம் கண்ணியாகவே முடிய, மனிதன் தரும் இந்த ஒரு தறி மட்டும் நூற்றாண்டுகள் கடந்தும் அத்தீவில் நெய்துகொண்டிருக்கிறது. டெடலஸும் அவன் மகன் இக்காரஸும் மடிந்த செய்தி பிற்பாடு அவள் செவிக்கு எட்டுகிறது. இரண்டே அத்தியாயங்களில் வந்துபோகும் இவன், ஓராண்டு தங்கும் ஒடிசியஸைக் காட்டிலும் மனத்தில் நிற்கிறான்.

பன்றிகளின் கதைக்கு வருவோம். மில்லர் தரும் காரணம் கொடியது. வழிதவறி வந்த மாலுமிகளைக் கிர்க்கே உண்மையான விருந்தினராகவே வரவேற்று உணவிடுகிறாள். வீட்டில் கணவனோ தந்தையோ தமையனோ இல்லை என்று தெரிந்ததும் அவர்களின் பேச்சு மாறுகிறது. தலைவன் அவளை வன்புணர்கிறான். அதன் பின்னரே மந்திரம். அடுத்தடுத்து வரும் கப்பல்களை அவள் நடத்தும் முறை இதிலிருந்து பிறக்கிறது. விருந்தோம்பலைத் தலையாய அறமாகப் போற்றிய கிரேக்கர், அவ்வறத்தை மீறியவள் என்று அவளைச் சாடினர். விருந்தினரே முதலில் மீறினார்கள் என்று மில்லர் வழக்கைத் திருப்பி எழுதுகிறார். இது ஒரு வகையில் எளிய திருப்பம். காலத்துக்கு ஏற்ற திருப்பமும்கூட. ஆனால் இதனால் ஓர் இழப்பும் நேர்கிறது. ஹோமரின் கிர்க்கேயிடம் காரணமற்ற விளையாட்டு ஒன்று இருந்தது. பன்றியானவர் மீண்டும் மனிதராகும்போது முன்னிலும் இளமையும் உயரமும் அழகும் உடையவராகிறார்கள் என்று ஹோமர் பாடுவது அந்த விளையாட்டின் எச்சம். காயத்தால் மட்டுமே விளக்கப்படும் கிர்க்கேயிடம் அது இல்லை. அமெரிக்க எழுத்தாளர் யூடோரா வெல்ட்டி 1955-இல் வெளிவந்த தம் தொகுதியில் 'கிர்க்கே' என்றொரு சிறுகதை எழுதியிருக்கிறார். அதில் வரும் தேவி மனிதரின் துயரத்தைக் கண்டு, இது தனக்கு எட்டாத மறைபொருள் என்று திகைக்கிறாள். அவளுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. சில பக்கங்களில் வெல்ட்டி அடைந்த வியப்பு மில்லரின் பெருநூலில் ஆங்காங்கேதான் தலைகாட்டுகிறது.

ஒடிசியஸ் வருகிறான். வாளுக்கு அஞ்சி முழங்காலைப் பற்றும் காட்சி இங்கே கிடையாது. இருவரும் சமநிலையில் நின்று உடன்படிக்கை செய்துகொள்கின்றனர். பெண்ணை மண்டியிடச் செய்தால்தான் கவிஞர்களுக்குக் கதை முடியும் போலும் என்று கிர்க்கே கசப்போடு குறிப்பதும் உண்டு. ஒடிசியஸின் பாத்திரப் படைப்பு முதலில் வெகுளியான வியப்போடு தொடங்கி, அவன் போனபின் மகன் டெலமாக்கஸ் வாயிலாக மறுபக்கம் காட்டுகிறது. இதாக்காவுக்குத் திரும்பிய வீரன் அமைதியை அறியாதவனாகி, எல்லோரையும் ஐயுற்று, சினத்தில் கழித்த முதுமை அது. தந்தையின் ஆணைப்படி அடிமைப் பெண்கள் பன்னிருவரைத் தூக்கிலிட்டதை டெலமாக்கஸ் கிர்க்கேயிடம் சொல்லும் பகுதி, ஒடிசியின் இருபத்திரண்டாம் காண்டத்தைப் படித்துவிட்டு எளிதில் கடந்துபோன நம்மையும் உடன் நிறுத்திக் கேள்வி கேட்கிறது. மார்கரெட் அட்வுட் தம் 'பெனலோபியட்' நூலில் (2005) அப்பெண்களுக்கே வாய் கொடுத்தார். மில்லர் கொன்றவனைப் பேச வைக்கிறார். இரண்டும் வேண்டியவையே.

டெலகோனஸ் என்னும் மகனைக் கிர்க்கே பெற்று வளர்க்கும் அத்தியாயங்கள் தனித்து நிற்பவை. காப்பியங்களில் தெய்வத்தாய்மார் பலர் உண்டு. குழந்தையின் அழுகையால் உறக்கமின்றி, துணி அலசி, வயிற்றுவலிக்கு மருந்து தேடி, அயர்ந்து சுவரில் சாய்ந்து நிற்கும் தெய்வத்தாயை எந்தக் காப்பியத்தில் கண்டோம்? மரணமில்லாதவள் ஒருத்தி, எந்த நொடியிலும் மரணம் நேரக்கூடிய ஓர் உயிரைக் கையில் ஏந்தியிருக்கிறாள். குழந்தையைக் கொல்லக் கருதுவது அதீனா, ஒடிசியஸின் காவல்தெய்வம். தீவு முழுவதையும் ஒரு மந்திரத்தால் மூடி, அதன் பாரத்தை ஆண்டுக்கணக்கில் தன்மேல் சுமந்து கிர்க்கே மகனைக் காக்கிறாள். அறிவுத்தெய்வமாகிய அதீனாவின் அருளும் சினமும் ஒரே குளிர்ச்சி உடையவை என்பதை இப்பகுதி நடுக்கத்தோடு உணர்த்துகிறது. மகன் வளர்ந்து தந்தையைத் தேடிப் புறப்படும்போது அவனுக்குக் காவலாக ஓர் ஆயுதம் வேண்டிக் கிர்க்கே கடலடியில் இறங்கி, ட்ரைகன் என்னும் தொன்மையான திருக்கைத் தெய்வத்தின் நச்சுவாலைக் கேட்கிறாள். முடிவில்லாத வேதனையை ஏற்றால் தருவேன் என்கிறது அது. அவள் தயங்காமல் கையை நீட்ட, அந்த இசைவே போதும் என்று வாலைத் தருகிறது. வால் முனை பொருத்திய அந்த ஈட்டியே ஒடிசியஸின் உயிரைக் குடிக்கிறது என்பது பழங்கதை.

நூலின் குறை ஒன்றை இங்கே சுட்ட வேண்டும். ட்ரைகன், ப்ரொமீதியஸ் இருவர் நீங்கலாக இந்நூலின் தெய்வங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஹீலியோஸ் வீண்பெருமை, ஹெர்மிஸ் கேலி, அப்பல்லோ அலட்சியம், நீர்த்தேவதைகள் வம்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகமூடி. உள்ளே முகம் ஒன்றுதான். ஹோமரின் தெய்வங்கள் இத்தகையவை அல்ல. இலியத்தில் தன் மகன் சார்ப்பிடன் மாளப்போவதை அறிந்த ஜீயஸ், விதியை மாற்ற வல்லவனாயினும் மாற்றாமல், மண்மீது குருதித் துளிகளை மழையாகப் பொழிகிறான். அக்கிலீஸின் தாய் தீட்டிஸ் அழுதுகொண்டே கடலிலிருந்து எழுந்து வருகிறாள். மரணமில்லாதவர் மரணத்தின் முன் கலங்கி நிற்கும் இக்காட்சிகளே ஹோமரின் தெய்வங்களுக்கு மாட்சி தருபவை. மில்லரின் முதல் நாவலில் தீட்டிஸுக்கு இந்த மாட்சி இருந்தது. கடுமையே உருவான அவள் கடைசிப் பக்கங்களில் இளகும் இடம் மறக்க இயலாதது. இரண்டாம் நாவலில் கிர்க்கேயை உயர்த்துவதற்காக அவளைச் சூழ்ந்தோர் அனைவரையும் ஆசிரியை தாழ்த்திவிட்டார். இருளே சூழ்ந்த இடத்தில் சிறு அகல் பெருவிளக்காகத் தெரிவதில் என்ன அரிமை?

தெய்வங்களைக் குறை கூறுவது கிரேக்கர்க்குப் புதிதன்று என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே செனோபனீஸ், திருட்டையும் பிறன்மனை நயத்தலையும் வஞ்சனையையும் ஹோமரும் ஹீசியடும் தெய்வங்கள்மேல் ஏற்றினர் என்று இடித்துரைத்தார். பிளேட்டோ தம் குடியரசில் அத்தகைய கதைகளுக்கு இடமில்லை என்றார். ஆனால் அவர்கள் கண்டித்தது தெய்வங்களை அன்று, கவிகளை. அக்காலத்தில் அத்தெய்வங்களுக்குக் கோயிலும் பலியும் விழாவும் இருந்தன. கி.பி. 391-இல் பேரரசன் தியோடோசியஸ் பழைய வழிபாடுகளைத் தடைசெய்த பின் மெல்ல மெல்ல அவை மறைந்து, ஜீயஸும் அதீனாவும் இலக்கியத்தின் தனிச்சொத்து ஆயினர். வழிபடுவோர் இல்லாத தெய்வங்களை எழுதுவதில் எவர் மனமும் புண்படாது. மில்லரின் துணிவுக்கு அந்த அளவில் விலை குறைவு.

நம் நாட்டிலோ நிலைமை வேறு. ஐராவதி கார்வே மராத்தியில் 'யுகாந்தா'வை 1967-இல் எழுதினார், பைரப்பாவின் கன்னட நாவல் 'பர்வ' 1979-இல் வந்தது, எம்.டி. வாசுதேவன் நாயரின் 'ரண்டாமூழம்' 1984-இல். மூவரும் பாரதக் கதையிலிருந்து தெய்வத்தன்மையைக் களைந்து மனிதர்களை மட்டும் நிறுத்தினர். கோயிலில் விளக்கெரியும் கண்ணனைக் கதையில் மனிதனாக்கினால்தான் எழுதுகோலுக்கு நடமாட்டம் கிடைத்தது போலும். மில்லர் எதிர்வழியில் செல்கிறார்: தெய்வங்களைத் தெய்வங்களாகவே வைத்துக்கொண்டு, அதுவே அவர்களின் குறை என்கிறார். நம்மவரில் புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'சாப விமோசனம்' இதற்குச் சற்று அருகில் வருகிறது. அங்கே அகலிகை, சீதை தீக்குளித்த செய்தி கேட்டு மறுபடியும் கல்லாகிறாள். அவதார புருஷன் அவதார புருஷனாகவே இருக்கிறான். தீர்ப்பு மட்டும் ஒரு பெண்ணின் மௌனத்தில் எழுதப்படுகிறது. மில்லருக்கு நானூறு பக்கம் அளவில் தேவைப்பட்ட கண்டனம் அங்கே ஒரே செயலில் நிகழ்ந்துவிடுகிறது.

நடையைப் பற்றியும் ஒரு சொல். ஹோமரின் அடைமொழிகளும் உவமைகளும் ஆங்கிலத்தில் இயல்பாக ஒலிக்குமாறு எழுத வல்லவர் மில்லர். செம்மொழிப் பயிற்சி அவர் வாக்கியங்களின் எலும்பில் இருக்கிறது. ஆனால் பத்திகள் பலவற்றைப் பொன்மொழி போன்ற ஒரு வரியால் முடிக்கும் பழக்கம் சலிப்பூட்டுகிறது. தீவை விட்டு நகர முடியாத கதைத்தலைவிக்காக டெடலஸ், மீடியா, ஜேசன், ஒடிசியஸ், பெனலபி என்று புராணமே அணிவகுத்து வந்து கதவைத் தட்டுவதும், நடுப்பகுதியில் கதையின் கட்டுக்கோப்பைத் தளர்த்துகிறது. மீடியா வரும் அத்தியாயம் மட்டும் இதற்கு விலக்கு. தன் காதலனை முழுதும் நம்பும் அந்த இளம்பெண்ணிடம் அத்தையாகிய கிர்க்கே எச்சரிக்கை சொல்லியும் பயனில்லாமல் போவது, பின்கதை தெரிந்த வாசகனுக்குத் தாங்க ஒண்ணாதது.

முடிவு குறித்தே விவாதம் மிகுதி. 'டெலகோனி' என்றொரு பழங்காப்பியம் இருந்து மறைந்துவிட்டது. அதன் கதைச் சுருக்கம் மட்டும் எஞ்சியுள்ளது. அதன்படி, தந்தையை அறியாமல் கொன்ற டெலகோனஸ், பெனலபியையும் டெலமாக்கஸையும் தாயிடம் அழைத்து வருகிறான்; கிர்க்கே அவர்களை மரணமில்லாதவர் ஆக்குகிறாள்; டெலகோனஸ் பெனலபியையும், டெலமாக்கஸ் கிர்க்கேயையும் மணக்கின்றனர். ஒழுங்காக முடிச்சுப்போட்ட இந்த விந்தையான முடிவை மில்லர் அப்படியே தலைகீழாக்குகிறார். யாரும் அமரர் ஆவதில்லை. அமரத்தன்மை உடைய ஒருத்தி அதனைக் களைய முற்படுகிறாள். ஒடிசியின் ஐந்தாம் காண்டத்தில் கலிப்ஸோ தரவந்த சாகாவரத்தை ஒடிசியஸ் மறுத்து, மூத்து இறக்கப்போகும் தன் மனைவியிடம் செல்லவே விரும்புகிறான். உலக இலக்கியத்தின் மிகப்பெரிய மறுப்புகளுள் ஒன்று அது. மில்லர் அம்மறுப்பைத் தெய்வத்தின் வாயிலிருந்தே வரவழைக்கிறார். நம் புராணங்களில் தேவர் மண்ணில் பிறப்பது சாபம். அட்டவசுக்களுள் எழுவர் பிறந்தவுடன் கங்கையில் விடப்பட்டு விடுதலை பெற்றதே அவர்களுக்கு வரம். இங்கே மண்ணில் இருப்பதும் மூப்பதும் இறப்பதுமே விரும்பிக் காய்ச்சிய மருந்தாகக் கிண்ணத்தில் இருக்கின்றன.

விரும்பத்தக்கதா அது? எனக்கு ஓர் ஐயம் உண்டு. இறப்பைத் தெரிவு செய்யும் உரிமை, இறவாதிருக்கும் வாய்ப்பை உடையவளுக்கே கிடைக்கிறது. தூக்கிலிடப்பட்ட பன்னிரு பெண்களுக்கும் ஸ்கில்லாவின் வாய்ப்பட்ட மாலுமிகளுக்கும் அத்தெரிவு இருக்கவில்லை. ஆயிரம் ஆண்டு வாழ்ந்து சலித்தவளின் மரண விருப்பத்தை, நாற்பதில் மாண்டவனின் மனைவி எப்படி வாசிப்பாள்? ஆசிரியை இக்கேள்வியை எழுப்பவில்லை. ஆனால் முற்றிலும் மறந்துவிட்டார் என்றும் கூற முடியாது. கடைசிக் கிண்ணத்தை எடுக்குமுன் கிர்க்கே டெலமாக்கஸோடு கடலுக்குச் சென்று, மருந்தேற்றிய கடாக்களை விழுங்கச் செய்து ஸ்கில்லாவைக் கல்லாக்குகிறாள். தன் கையால் விளைந்த சாவுக்கு முதலில் கணக்குத் தீர்த்துவிட்டே தன் சாவைக் கேட்கிறாள். தந்தை ஹீலியோஸை அழைத்து, நாடுகடத்தலை நீக்காவிடில் ப்ரொமீதியஸுக்குத் தான் அமுதம் தந்த செய்தியை ஜீயஸின் செவிக்கு எட்டச் செய்வேன் என்று மிரட்டும் காட்சியும் இவ்வரிசையில் வருகிறது. சிறுமியாக இருந்தபோது இரக்கத்தால் செய்த செயல், முதியவளானபோது அவளுக்கு வாளாகிறது. கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுசெல்லும் இடத்திலேயே நாவல் நின்றுவிடுகிறது. பருகியபின் நேர்ந்தது கூறப்படவில்லை. அந்த நிறுத்தம் நன்று.

ஆயினும் என் மனம் சென்று தங்குவது அங்கன்று, பெனலபியிடம். மேற்கே ஒரு நகரை நிறுவ டெலமாக்கஸை அதீனா அழைக்கிறாள், அவன் மறுக்கிறான். டெலகோனஸ் ஏற்றுப் போய்விடுகிறான். கிர்க்கேயும் டெலமாக்கஸும் கடலேறுகின்றனர். அயாயாவில் எஞ்சுபவள் பெனலபி ஒருத்தியே. இருபது ஆண்டு கணவனுக்காகக் காத்திருந்து, பகலில் நெய்து இரவில் பிரித்தவள், இப்போது டெடலஸின் தறியில் தனக்காக நெய்கிறாள். மூலிகைகளின் பெயரைக் கேட்டுக் கேட்டுக் கற்கிறாள். தீவின் மந்திரக்காரியாக அவளே அமர்கிறாள். ஹீலியோஸின் பிள்ளைகள் நால்வருக்கும் மாயவித்தை தெய்வக் குருதியால் வந்தது என்று நூலின் தொடக்கத்தில் தெய்வங்களின் அவை தீர்மானித்திருந்தது. பெனலபியின் உடலில் ஓடுவது மனிதக் குருதி. அவளுக்கும் அது கைவருகிறது. இதை ஆசிரியை இரண்டு மூன்று பக்கங்களில் சொல்லிவிட்டுக் காதலர்களின் கப்பலைப் பின்தொடர்ந்து போய்விடுகிறார். அந்தத் தீவில் சற்று நேரம் கூடுதலாக நின்றிருக்கலாம்.